பரண் ஏறிய பிறகு வரும் அரைமணி நேரம்: குளிர்கால வேட்டைக்குக் கம்பளியா, செயற்கை இழையா?

நான்கு குளிர்காலங்களாக மான் வேட்டைக்கு இரண்டு தொகுதி உடைகளை மாற்றி மாற்றி அணிந்து வருகிறேன். முதல் தொகுதி முழுக்கக் கம்பளி: உடம்போடு ஒட்டிய மெரினோ (மெல்லிய இழை தரும் செம்மறியாட்டு வகையின் கம்பளி) உள்சட்டையும் உள்காற்சட்டையும், அவற்றின் மேல் ஒரு பின்னல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே கெட்டியாகத் திரட்டி நெய்த கனத்த கம்பளிக் கோட்டு. இரண்டாவது முழுக்கச் செயற்கை இழை: பாலியஸ்டர் உள்ளாடை, ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற பாலியஸ்டர் துணியில் தைத்த சட்டை, பாலியஸ்டர் பஞ்சு அடைத்த ஜாக்கெட், காற்றும் மழையும் புகாத நைலான் மேலுறை. பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரியிலிருந்து கடுங்குளிர் வரையிலான நாள்களில், ஒரே ஏற்றத்தில் ஏறி, ஒரே பரணில் உட்கார்ந்து இரண்டையும் சோதித்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலைத் தொடும் அடுக்கிலும் காலுறையிலும் கம்பளிக்கு நிகரே இல்லை. நடு அடுக்கில் செயற்கைப் பஞ்சு முந்துகிறது. வெளி அடுக்கை அன்றைய வானமும் நீங்கள் வேட்டையாடும் முறையும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

கடையில் நின்று துணியைத் தடவிப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உலர்ந்த நிலையில் இரண்டு துணிகளுக்கும் இடையே வெப்பத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. குளிரைத் தடுப்பது இழையைவிட இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான். ஆகவே ஒரே தடிமனுள்ள கம்பளியும் ஃப்ளீஸும் உலர்ந்திருக்கும்வரை ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கதகதப்பாகவே இருக்கும். ஈரம் வந்த பிறகுதான் இரண்டின் குணமும் பிரிகிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், காற்று நின்ற இடத்தில் வியர்வை வந்து நின்றுவிட்டால் எவ்வளவு கனத்த உடையும் பயனற்றுப் போகும். வேட்டைக்காரரின் உடம்பில் இது நாள்தோறும் நடக்கிறது. இருட்டோடு எழுந்து, முதுகில் பையும் தோளில் துப்பாக்கியுமாக ஒரு மணி நேரம் மேடேறி நடக்கிறோம். பிறகு மூன்று நான்கு மணி நேரம் விரல்கூட அசைக்காமல் உட்காருகிறோம். மலையேறுபவரும் ஓட்டக்காரரும் நின்றதும் வீட்டுக்கோ கூடாரத்துக்கோ போய்விடுவார்கள். நமக்கோ நின்ற பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்கு நீராவியைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். 250 கிராம் எடையுள்ள மெரினோ சட்டை 75 கிராம் அளவு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. பாலியஸ்டர் இழை சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஏற்கும். அதே எடையுள்ள சட்டைக்கு அது ஒரே ஒரு கிராம். மீதி வியர்வை முழுவதும் இழைகளின் இடுக்கில் நீராகவே நின்று, துணியின் வெளிப்பக்கத்துக்குப் பரவி, அங்கிருந்து ஆவியாகிறது. விளம்பரங்கள் புகழும் விரைவான உலர்தல் இதுதான். நடந்துகொண்டிருக்கும்போது அது மெய்யாகவே நல்ல குணம். நின்றுவிட்டால் அதுவே கெடுதலாகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் உடல் தனக்கே போதாத வெப்பத்திலிருந்து அதைக் கொடுக்க நேர்கிறது. கம்பளி மெதுவாக உலர்வதால் அந்தச் செலவைத் தவணை தவணையாகக் கேட்கிறது. ஈரத்தை உறிஞ்சும் நேரத்தில் சிறிது வெப்பத்தை வெளிவிடவும் செய்கிறது. அந்த வெப்பத்தைப் பெரிதாக நம்பிவிட வேண்டாம், இழை நிறைந்ததும் அது நின்றுவிடும். ஆனால் நடையிலிருந்து ஓய்வுக்கு மாறும் இடைவேளையில் அது இருக்கிறது என்பது முதுகுக்குத் தெரியும்.

எனக்கு அது தெரியவந்தது இரண்டாவது பருவத்தில். அன்று பாலியஸ்டர் உள்ளாடையோடு பரண் ஏறினேன். ஏறி அமர்ந்த முதல் சில நிமிடங்கள் சுகமாகவே இருந்தது. பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே, பையின் முதுகுப்பட்டை அழுத்தியிருந்த இடத்தில், ஈரத்துணியை வைத்து எடுத்ததுபோல் ஒரு சில்லிப்பு தொடங்கியது. மேலே எத்தனை அடுக்கு போட்டும் அது போகவில்லை, ஏனென்றால் குளிர் உள்ளேயிருந்து வந்தது. அரைமணி நேரத்தில் தாடை கிட்டத் தொடங்கியது. வெளிச்சம் வரும் வேளையில் கை நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது. நடுங்கும் கையோடு குறி வைப்பது முறையல்ல என்பதால், துப்பாக்கியில் இருந்த ரவையை எடுத்துவிட்டு இறங்கினேன். ஒரு வாரம் கழித்து, அதைவிடக் குளிர்ந்த காலையில், மெரினோ உள்சட்டையோடு அதே ஏற்றம் ஏறினேன். வியர்வை குறைவில்லை, சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தபோது துணியில் ஈரம் இருந்தது. ஆனால் அந்த ஈரம் தோலை வந்து கடிக்கவில்லை. வெயில் மரங்களின் தலையைத் தொடும்வரை அமர்ந்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு மூன்று அடுக்கையும் கம்பளியாகவே வாங்கிவிட வேண்டாம். கம்பளியின் பெரிய குறை அதன் எடை; அதைவிடப் பெரியது, ஒருமுறை நன்றாக நனைந்துவிட்டால் எளிதில் உலராமை. காட்டில் பல நாள் கூடாரம் அடித்துத் தங்குபவருக்கு, மாலையில் நனைந்த ஸ்வெட்டர் மறுநாள் காலையிலும் ஈரமாகவே கையில் வரும். பாலியஸ்டர் பஞ்சு ஜாக்கெட்டையோ உதறிப் போட்டு, உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் விடிவதற்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். அதோடு, அதை அழுத்திச் சுருட்டினால் பையின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடுகிறது. நடக்கும்போது அணியாமல் பையிலேயே வைத்திருந்து, பரணில் அமர்ந்ததும், உடல் சூடு இறங்குவதற்கு முன் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டிய உடை நடு அடுக்கு. அதற்குக் கம்பளி ஸ்வெட்டர் அவ்வளவு வசதிப்படாது. வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் எடைக்கு எடை இன்னும் அதிகக் கதகதப்பு தரும். ஆனால் நனைந்தால் இறகு கட்டியாகி உப்பலை இழந்துவிடும். நனையும் வாய்ப்புள்ள காட்டுக்குச் செயற்கைப் பஞ்சையே பரிந்துரைப்பேன்.

அடுத்தது ஒலி. உடை மதிப்பீடுகளில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. என் கணக்கில் வெளி அடுக்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெள்ளைவால் மானின் காது 30 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. நைலான் மேலுறையின் கை உடம்போடு உரசும்போது எழும் சரசரப்பு கூர்மையான, உயர்ந்த ஒலி. நமக்கு மெல்லியதாகத் தோன்றுவது மானுக்கும் அப்படியே தோன்றும் என்று நம்ப முடியாது. குளிர் ஏற ஏற அந்தத் துணி விறைத்து, மொடமொடப்பு இன்னும் கூடும். கடையின் வெதுவெதுப்பில் மடித்துப் பார்த்தபோது மௌனமாக இருந்த அதே மேலுறை, பனி உறைந்த விடியலில் துப்பாக்கியை மடியிலிருந்து தோளுக்குக் கொண்டுவந்த ஒரே அசைவில் காகிதம் கசங்குவதுபோல் ஒலித்தது. முப்பது அடி தூரத்தில் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்த மான் காதைத் திருப்பியது, காலைத் தூக்கியது, போய்விட்டது. கெட்டிக் கம்பளிக் கோட்டில் அந்தத் துயரம் இல்லை. அதன் மேற்பரப்பில் நிற்கும் மெல்லிய இழைகள், கிளை உரசினாலும் ஒலியை விழுங்கிவிடுகின்றன. ஆல்ப்ஸ் மலைப்பகுதி வேட்டைக்காரர்கள் லோடன் என்னும் திரட்டிய கம்பளித் துணியை இன்றும் அணிவதற்கு மரபு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஃப்ளீஸும் ஒலி எழுப்பாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் காற்று அதனூடே சல்லடையில் போவதுபோல் போய்விடும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாதுகாப்புக்காக மேலே அணியும் பளீரென்ற ஆரஞ்சு நிற மேலங்கி மலிவான பாலியஸ்டரால் ஆனதாக இருந்தால், கம்பளிக் கோட்டின் மௌனம் முழுவதும் வீணாகும். மென்மையான ஃப்ளீஸ் துணியில் தைத்த ஆரஞ்சு மேலங்கியைத் தேடி வாங்குங்கள்.

மழையில் நிலைமை தலைகீழ். தூறலையும் உலர் பனியையும் கம்பளிக் கோட்டு நன்றாகத் தாங்கும். மயிர்நுனியில் முத்து முத்தாக நிற்கும் துளிகளை ஓர் உதறு உதறினால் போதும். விடாமல் பெய்யும் மழையில் அது சுமையாகிவிடும்; தோள் இரண்டும் கீழே இழுப்பதுபோல் கனக்கும். அப்படிப்பட்ட நாளில் நைலான் மேலுறையின் ஒலியைப் பொறுத்துக்கொண்டு அதையே அணிகிறேன். மழையின் இரைச்சலும் அந்தச் சரசரப்பைப் பாதி மறைத்துவிடுகிறது. ஆனால் மேலுறையின் வெளித்துணி நீரை உருட்டித் தள்ளும் பூச்சை இழந்து ஊறிவிட்டால், உள்ளிருக்கும் படலம் நல்ல நிலையில் இருந்தாலும் வியர்வை ஆவி வெளியேறுவது குறைந்துவிடும். பலர் "கசிகிறது" என்று புகார் சொல்லும் ஈரம் பெரும்பாலும் அவரவர் வியர்வைதான். வில் வேட்டைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கம்பளிக் கோட்டின் தளர்ந்த கை நாண் விடுபடும் வழியில் வந்து மாட்டிக்கொள்ளும்.

நாற்றத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பாலியஸ்டர் உடலின் எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஒரே நாளில் வாடை அடிக்கத் தொடங்கும். மெரினோ சட்டையை மூன்று நான்கு நாள் தொடர்ந்து அணிந்தாலும் பக்கத்தில் படுப்பவர் முகம் சுளிப்பதில்லை. அதற்காகக் கம்பளி உங்களை மானின் மூக்கிலிருந்து மறைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காருவதற்கு எந்தத் துணியும் ஈடாகாது.

நெருப்பருகே கம்பளி உங்கள் பக்கம் நிற்கும். பொறி பட்டால் கருகி அங்கேயே அணையும். பாலியஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரியில் உருகிவிடும், இன்னொரு செயற்கை இழையான பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரிக்கே உருகும். உருகிய இழை தோலில் ஒட்டினால் காயம் ஆழமாகும். என் ஃப்ளீஸ் சட்டையின் வலது கையில், தணலைக் கிளறியபோது தெறித்த பொறிகள் போட்ட மூன்று ஓட்டைகள் இருக்கின்றன, ஓரம் கண்ணாடிபோல் இறுகி.

உழைப்பில் கம்பளிக்கு முழு மதிப்பெண் தர முடியவில்லை. மிக மெல்லிய மெரினோ சட்டையின் முழங்கை இரண்டாம் பருவத்திலேயே இழை பிரிந்தது. பையின் பட்டை உரசும் தோளிலும் துணி நைந்தது. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள துணி நடைக்கு இனிது, ஆனால் முள்ளுக்காட்டுக்கு ஆகாது. 200 முதல் 250 கிராம் வரையுள்ளதை வாங்குவது நல்லது. 10 முதல் 15 விழுக்காடு நைலான் சேர்ந்த கலப்பு நூல் என்றால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம், அது ஆயுளைக் கூட்டும். ஆனால் சீட்டில் பெரிய எழுத்தில் "கம்பளி" என்று போட்டுவிட்டு, உள்பக்கத் துண்டுச் சீட்டில் கம்பளி கால் பங்கும் அக்ரிலிக் முக்கால் பங்கும் என்று குறித்திருக்கும் உடைகளும் உண்டு. அவற்றிடம் நான் மேலே சொன்ன குணங்களை எதிர்பார்க்க முடியாது. கம்பளி என்றாலே அரிப்பு என்று ஒதுக்குபவர்கள் இழையின் தடிமனைக் கேட்டுப் பார்க்கட்டும். தோலில் சுணைபோல் குத்துவது ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தடித்த இழைகள். 19 மைக்ரானுக்குக் குறைந்த மெரினோ என் கழுத்தில்கூட உறுத்தியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க இயலாதவர்கள் காலுறையிலிருந்து தொடங்க வேண்டும். பாதம் பூட்ஸுக்குள் அடைந்து கிடக்கிறது. அங்கே உண்டாகும் வியர்வைக்குக் காற்றோட்டம் கிடையாது. ஆகவே ஈரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் இழைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உடம்பில் வேறில்லை. நைலான் சேர்த்துப் பின்னிய தடித்த கம்பளிக் காலுறை ஒன்றை அணிந்துகொண்டு, இன்னொன்றைப் பையில் வைத்திருந்து பரணடியில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் முன்னைவிடச் சீக்கிரம் விறைக்கும். அடுத்து மெரினோ உள்சட்டை, அதற்கடுத்துப் பஞ்சு ஜாக்கெட். கனத்த கம்பளிக் கோட்டு கடைசியில் வந்தால் போதும். அதுவரை பழைய ஃப்ளீஸ் ஒன்றின் மேல் காற்றுத்தடுப்பு எதையாவது அணிந்து சமாளித்துவிடலாம்.

பருவம் முடிந்ததும் கம்பளியை அழுக்கோடு பெட்டியில் போடாதீர்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். வியர்வையும் எண்ணெய்ப்பிசுக்கும் உள்ள இடத்தை முதலில் தேடிப் போகும். குளிர்ந்த நீரில், காரம் குறைந்த, கம்பளிக்கென்றே உள்ள சோப்புத் திரவத்தில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிப்பூச்சு கலந்த சலவைத்தூளைச் செயற்கை உடைக்கும் பயன்படுத்த வேண்டாம். அந்தப் பூச்சு துணியை நீலமாக ஒளிரச் செய்யும், மானின் கண்ணோ நீல ஒளியை நன்றாகவே காணக்கூடியது. நன்றாக உலர்ந்த பிறகு காற்றுப் புகாத பெட்டியில் மூடி வையுங்கள். என் முதல் மெரினோ உள்சட்டையை ஒரு கோடைக்காலம் முழுவதும் துவைக்காமல் அலமாரியில் விட்டிருந்தேன். எடுத்து விரித்தபோது இரண்டு அக்குளிலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன.