மாரிக்குக் கரையேற்றும் படகுக்கு எந்தப் படங்கு? லொறிப் படங்கும் நீலத் தறப்பாளும்

வாடை தொடங்கினால் கிழக்கிலங்கையில் நாவலடியிலிருந்து ஒலுவில் வரை கரையெல்லாம் பைபர் படகுகள் ஏறிவிடும். மேலே கிடப்பது பெரும்பாலும் நீலத் தறப்பாள். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதம் ஒரு படகைக் காக்க அது போதாது. லொறிக்குப் போடும் பீவீசி பூசிய படங்குதான் இதற்குச் சரியான சாமான். அதையும் வெறுமனே போர்த்திவிட்டால் பலனில்லை. எப்படிப் போடுவது என்பதில்தான் பாதி விசயம் இருக்கிறது.

கடலிலேயே கிடக்கிற படகை மழை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. பைபருக்குக் கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் கெடுதி. ரெசினுக்குள் தண்ணீர் மெல்ல ஊறும். உள்ளே இறுகாமல் மிஞ்சிய பொருட்களைக் கரைக்கும். அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுக்கும். வெளியே உப்புத்தண்ணீர் இருந்தால் அந்த இழுவை குறைவு, நல்ல தண்ணீர் என்றால் கூடுதல். கடைசியில் கொப்புளம் வரும். படகின் வெளிப்பக்கத்துக்கு ஜெல்கோட் என்ற வழவழப்பான மேற்பூச்சு உண்டு. உட்பக்கத்தில் பல படகுகளில் பைபர் இழையே கண்ணுக்குத் தெரியும். மழை தேங்குவது அந்தப் பக்கத்தில்தான்.

பாரமும் சின்னதல்ல. 19 அடிப் படகின் திறந்த வாய் ஏறக்குறைய 7 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் உள்ளே 700 லீற்றர், அதாவது 700 கிலோ. இரண்டு தென்னங்குற்றியில் மட்டும் படகை ஏற்றி வைத்திருந்தால் அந்தப் பாரத்தில் நடு அடி தொய்யும், குற்றி முட்டும் இடத்தில் பைபர் வெடிக்கும்.

நீலத் தறப்பாள் நெய்த பொலித்தீன். வெயிலில் அதன் மேற்பூச்சு செதில் செதிலாக உதிரும். அந்த நீலச் செதில்கள் மழையோடு உள்ளே இறங்கி, தண்ணீர் விடும் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். கயிறு கோக்கும் கண்வளையம் அலுமினியம், உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்து, காற்று இரண்டு தரம் அடித்தால் துணியோடு பிய்ந்து வரும். இரண்டு வாரத் தேவைக்கு வாங்கலாம், மாரிக்கு வேண்டாம்.

லொறிப் படங்கில் சதுர மீற்றருக்கு 600 கிராம் அளவில் உள்ளதைக் கேளுங்கள். 19 அடிப் படகுக்கு 22 அடி நீளம், 12 அடி அகலம் வேண்டும். கண்வளையம் பித்தளையாக இருக்கட்டும், ஓரம் மடித்து உள்ளே கயிறு வைத்ததாக இருக்கட்டும். மூட்டு சூடாக்கி ஒட்டியதா, தைத்ததா என்று பாருங்கள். தைத்தது ஊசித் துளை வழியே ஒழுகும். பாவித்த படங்கு மலிவாகக் கிடைக்கும். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மடிப்பு வெடிப்பில் வெளிச்சம் தெரிந்துவிடும், அப்படியானால் விட்டுவிடுங்கள். இதன் ஒரே குறை பாரம். இந்த அளவுக்கு ஏறக்குறைய 15 கிலோ, காற்று நாளில் தனியாள் போட முடியாது.

போடுவதற்கு முகடு அவசியம். நடுவில் ஒரு மூங்கிலோ எஸ்லோன் குழாயோ, படகின் விளிம்பிலிருந்து 2 அடி உயரத்தில். முகடு இல்லாமல் போர்த்தினால் நடுவில் குளம் கட்டி, அந்தப் பாரத்தில் படங்கு உள்ளே இறங்கிவிடும். கடல் பக்க முனையில் ஒரு சாண், மற்ற முனையில் இரண்டு சாண் திறந்து விடுங்கள். இறுக்கிப் பொதிந்தால் உள்ளே வேர்த்து, படங்கின் அடியிலிருந்து சொட்டும். வலை இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கயிற்றை 3 அடிக்கு ஒன்றாகப் படகின் அடியால் கொண்டுபோய் மறுபக்கக் கண்வளையத்தில் கட்டுங்கள். ஒவ்வொரு கயிற்றிலும் பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை இடையில் போட்டால், காற்றடிக்கும்போது ரியூப் இழுபடும், கண்வளையம் தப்பும்.

எவ்வளவு நல்ல படங்கானாலும் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, ஒரு அடி உயர்த்தி, பின்பக்க ஓட்டையின் தக்கையைக் கழற்றிவிடுங்கள். தக்கையை இஞ்சின் மாட்டும் பலகையிலேயே கட்டி வைத்தால் தொலையாது. ஓட்டையின் உள்வாயில் கொசுவலை வைக்காதீர்கள், சவுக்கு இலை அதில் படிந்து அடைத்துவிடும். பெரிய கண் வலைத்துண்டு போதும்.

அந்தப் பின்பலகையைத் தனியாகப் பார்க்க வேண்டும். பைபருக்குள்ளே இருப்பது பிளைவூட். இஞ்சின் போல்ட் துளைகளால் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உக்கும். சுத்தியல் பிடியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென்று கேட்கும், உக்கிய இடம் ‘தொப்’ என்று அமுங்கும். நல்லதாயிருந்தால் போல்ட்டைக் கழற்றி, துளையைக் காயவிட்டு, சிக்காபிளெக்ஸ் 291 போன்ற பொலியூரித்தேன் பசையால் மூடுங்கள். சிலிக்கோன் சில காலத்தில் பைபரை விட்டுக் கழன்றுவிடும், அந்த இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது.

அடியில் முட்டுக்கொடுக்க மூன்று இடம் வேண்டும். பழைய ரயர் நல்லது, ஆனால் கீழ்ப்பக்கம் இரண்டு துளை போடுங்கள். தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல இடமில்லை.

வாவிக் கரையில் வைப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி வரும். 2011 ஜனவரி போல வெள்ளம் ஏறினால் தக்கையைப் போடுவதா? திறந்தே விடுங்கள். தண்ணீர் உள்ளே வந்து படகு இருந்த இடத்தில் இருக்கும். தக்கை போட்ட படகு மிதந்து முகத்துவாரம் பக்கம் போய்விடும். அணியத்தைத் தென்னையில் கட்டுவது எப்படியும் கட்டாயம்.

தை கழிந்து கழற்றும்போது படங்கை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு பக்கமும் காயவிட்டு, எஸ்லோன் குழாயில் சுருட்டி வையுங்கள். மடித்தால் அடுத்த மாரிக்கு மடிப்பில் வெடித்திருக்கும்.