கோத்தகிரி மலையிலிருந்து ரக்பி: பத்து வருடம் காசு கட்டிப் பார்த்த அனுபவம்

2015 செப்டம்பர் 19, சனிக்கிழமை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். கோத்தகிரி பக்கம் அரவேணுவில் எங்கள் வீட்டில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அப்பா ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் சட்டென்று நிறுத்தி, "றகர்!" என்றார். எனக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. ஜப்பானும் தென்னாப்பிரிக்காவும் ரக்பி உலகக் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தன. கடைசி நிமிடத்தில் ஜப்பானுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்திருந்தால் ஆட்டம் சமன். அவர்கள் உதைக்காமல் ஸ்க்ரம் (இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டிப் பந்துக்குத் தள்ளுவது) கேட்டார்கள், ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைப்பது) போட்டார்கள், 34-32 என்று ஜெயித்தார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் கிறுக்கு.

அப்பா கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு நீலகிரிக்கு வந்தவர்கள். சிறுவனாக இருந்தபோது கண்டி டவுனில் போகம்பரை மைதானத்துக்கு வெளியே நின்று பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். அங்கே அதற்குப் பெயர் றகர். இங்கே வந்த பிறகு நாற்பது வருடத்துக்கும் மேல் அந்தப் பந்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

இது ஒரு செயலியைப் பற்றியோ ஒரு சேனலைப் பற்றியோ எழுதும் மதிப்புரை இல்லை. தொழில்முறை ரக்பி என்ற மொத்தச் சரக்கை, மலையில் இருக்கும் ஒரு சாதாரணப் பார்வையாளனாக 2015 முதல் இந்த 2026 தொடக்கம் வரை பயன்படுத்திய அனுபவம். என் வேலை பிக்கப் ஓட்டுவது. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடுத்து ஃபேக்டரியில் இறக்குவேன். அதனால் நேரம் பிரச்சினை இல்லை, உண்மையில் ரக்பிக்கு நம் ஊர் நேரம் மாதிரி வசதி வேறெங்கும் கிடையாது. நியூசிலாந்து ஆட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் தொடர் இரவு ஏழே முக்காலுக்கும் பத்தே காலுக்கும் வரும். பிரான்சில் ராத்திரி ஆட்டம் என்றால் மட்டும் நமக்கு விடியற்காலை ஒன்றரையைத் தாண்டும்.

முதல் நான்கு வருடம் டிஷ் காலம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒரு விளையாட்டு பேக் போட்டால் போதும், வந்தால் வரும். ஐப்பசி மழை இறங்கினால் சிக்னல் போய்விடும். 2015 இறுதிப் போட்டியில் நியூசிலாந்து 34-17 என்று ஆஸ்திரேலியாவை வென்றது, அதில் நான் பார்த்தது பாதி. மீதி நேரம் நீலத் திரைதான். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. எந்த சேனல் என்று தெரியும், அந்த சேனலைப் போட்டால் இருக்கும்.

அப்புறம் வந்தது செயலிக் காலம். அதில்தான் என் காசும் பொறுமையும் போனது.

ஒரு வருடம் ஆறு நாடுகள் தொடருக்காக ஒரு செயலியில் ஆண்டுச் சந்தா கட்டினேன். மார்ச்சில் தொடர் முடிந்தது. அடுத்த பிப்ரவரியில் திறந்தால் அந்தத் தொடரே அங்கே இல்லை. ஒரு அறிவிப்பும் இல்லை. வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன், "உங்கள் பகுதியில் இந்த நிகழ்ச்சி கிடைக்காது" என்று ஒரு வரி வந்தது. சரி, யாரிடம் கிடைக்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பத்து வருடத்தில் நான் அதிகம் வாசித்த வாசகம் இந்த "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்பதுதான். 2023 இறுதிப் போட்டி நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. கடைசிப் பத்து நிமிடம், ஒரு புள்ளிதான் வித்தியாசம், எங்கள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முடிவை நான் தெரிந்துகொண்டது குன்னூரில் இருக்கும் சிநேகிதன் போன் செய்து சொல்லித்தான். அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் இப்படி என்று அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது குன்னூர் தேயிலை ஏலம். நம் இலை எல்லாம் கடைசியில் அங்கேதான் விலையாகிறது. ஏல சராசரியை வைத்து மாதாமாதம் தேயிலை வாரியம் பச்சை இலைக்கு விலை அறிவிக்கும். இலை பறித்தவர் அந்த அறைக்குள் இல்லை, டீ குடிப்பவரும் இல்லை. ரக்பி ஒளிபரப்பு உரிமையும் அப்படித்தான் போகிறது. நாடு நாடாகப் பிரித்து, சில நேரம் ஒரு கண்டத்தையே ஒரே லாட்டாகக் கட்டி விற்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தேயிலையை ஏலம் எடுத்தவர் அதை எங்காவது விற்றே ஆகவேண்டும், வைத்திருந்தால் மணம் போய்விடும். ஒளிபரப்பு உரிமையை எடுத்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூட்டையோடு மூட்டையாக வந்த ஒரு தொடரைக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிடலாம். அவர் காட்டவும் மாட்டார், வேறு யாரும் காட்டவும் முடியாது. என் குறையின் சாரம் இவ்வளவுதான்.

தொழில்முறை ரக்பி பிறந்ததே ஒளிபரப்புக் காசில்தான். 1995 வரை ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது விதிக்கு விரோதம். அந்த வருடம் ஜூனில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து நியூஸ் கார்ப் நிறுவனத்துக்குப் பத்து வருட உரிமையை 55.5 கோடி டாலருக்கு விற்றன. ஆகஸ்டில் விதி போனது. அடுத்த வருடமே அந்த மூன்று நாட்டின் பன்னிரண்டு அணிகள் மோதும் சூப்பர் 12 தொடர் தொடங்கியது. டிவிக்காகப் பிறந்த தொடர் டிவி கேட்டபடி பெருத்தது: 14 அணி, 15 அணி, 2016-ல் 18 அணி. ஜப்பானும் அர்ஜென்டினாவும் உள்ளே வந்தன. எனக்கு அர்ஜென்டினாவின் ஹாகுவாரெஸ் அணி உயிர். 2019-ல் இறுதிவரை வந்தார்கள், நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸிடம் 19-3 என்று தோற்றார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் அந்த அணியே அந்தத் தொடரில் இல்லை. ஜப்பானின் சன்வுல்வ்ஸும் போனது. தென்னாப்பிரிக்க அணிகள் வடக்கே ஐரோப்பியத் தொடருக்குப் போய்விட்டன. அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்குக்கும் ஆக்லாந்துக்கும் பத்து பதினொரு மணி நேரம் வித்தியாசம், லண்டனோடு ஒன்றிரண்டு மணி நேரம்தான். தங்கள் ஊர்க்காரர் விழித்திருக்கும் நேரத்தில் ஆடுவது நல்லதுதான். ஆனால் ஒரு அணியை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் பார்த்தவனுக்கு அது சாவு வீடு மாதிரி.

இங்கிலாந்தில் இன்னும் மோசம். 1867-ல் தொடங்கிய வாஸ்ப்ஸ் கிளப், இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன், 2022-ல் கடனில் மூழ்கியது. அதே பருவத்தில் வூஸ்டர் போனது, 2023-ல் லண்டன் ஐரிஷ். அந்த நாட்டு லீகில் பதின்மூன்று அணிகள் பத்தாயின. சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் 2018-லேயே இங்கிலாந்து லீகில் 27 சதவீதம் வாங்கியிருந்தது, 2021-ல் ஆறு நாடுகள் தொடரில் ஏழில் ஒரு பங்கை 36.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. எதிர்கால ஒளிபரப்பு வருமானத்தை இன்றைக்கே காசாக்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் வரப்போகிற இலைக்கு முன்பணம் வாங்கும் வழக்கம் உண்டு. மழை பொய்த்த வருடம் அது என்ன பாடு படுத்தும் என்று நான் தினமும் பார்க்கிறேன். அந்த மூன்று கிளப்புகளின் கதையைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

நல்ல செய்தி ஒன்று. ஆறு நாடுகள் தொடர் பிரிட்டனில் கட்டணச் சேனலுக்குப் போய்விடும் என்று ரொம்ப நாள் பேச்சு இருந்தது. போகவில்லை. 2029 வரை ஐ.டி.வி.யும் பி.பி.சி.யும் பங்கிட்டுக்கொள்கின்றன, வருடத்துக்கு ஐ.டி.வி. பத்து ஆட்டம், பி.பி.சி. ஐந்து. இரண்டும் அங்கே சந்தா இல்லாமல் வருகிற சேனல்கள். அதனால் எனக்கு நேரடி லாபம் எதுவும் இல்லை. ஆனாலும் வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேரன் காசு கட்டாமல் தன் நாட்டு ஆட்டத்தைப் பார்க்கிறான் என்றால் அந்த ஆட்டத்துக்கு அடுத்த தலைமுறை இருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்து, இலவசக் காலம். இதைப் பற்றிச் சந்தோஷமாக எழுதுகிறேன். உலக ரக்பி அமைப்பு 2023-ல் ரக்பிபாஸ் டிவி என்று ஒன்றைத் தொடங்கியது. மின்னஞ்சல் கொடுத்துச் சேர்ந்தால் போதும், காசு இல்லை. பழைய உலகக் கோப்பை ஆட்டங்கள் முழுதாகக் கிடைக்கும், உரிமை விற்காத நாடுகளில் சில தொடர்கள் நேரலையாகவே வரும். எங்களுக்கு ஃபைபர் வந்த பிறகு படம் சுத்தமாக இருக்கிறது. மரம் விழுந்து கேபிள் அறுந்தால் மட்டும் மொபைலில் பார்ப்போம், ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை ஜிபி வரை போகும். 2015 ஜப்பான் ஆட்டத்தை அப்பாவுக்கு மறுபடி போட்டுக் காட்டினேன். கடைசி நிமிடத்தில் மறுபடி எழுந்து நின்றார்.

அதைவிடப் பெரிய விஷயம் யூடியூப். இலங்கைப் பள்ளி ரக்பி ஆட்டங்கள் அதில் நேரலையாக வருகின்றன. கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயம், கண்டியில் ஒன்று கொழும்பில் ஒன்று என இரண்டு ஆட்டம். அப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்தது இதைத்தான். அரவேணுவில் தேக்சா நிறைய சாயத் தண்ணி போட்டு, பக்கத்து வீட்டு சிலோன்காரப் பெரியவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். யாருக்கும் விதி முழுசாகத் தெரியாது. மைதானத்துக்குப் பின்னால் தெரிகிற மலையைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் எங்க லயம்" என்று, தோட்டத்து வரிசை வீட்டைச் சொன்னார் ஒருவர். பத்து வருடத்தில் நான் பார்த்த ஒளிபரப்புகளில் இதுதான் சிறந்தது. இதற்கு நான் செலவழித்தது பூஜ்யம்.

2025 ஜூனில் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக் பற்றியும் சொல்லவேண்டும். ஆறு அணி, அணிக்கு ஏழு பேர், நான்கு நிமிடம் வீதம் நாலு பகுதி, மொத்தம் பதினாறு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. சென்னை புல்ஸ் இறுதியில் டெல்லியை 41-0 என்று அடித்துக் கோப்பை வாங்கியது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இது றகர் இல்ல தம்பி, ஓட்டப்பந்தயம்" என்றார். எனக்குப் பிடித்தது. எதிர்வீட்டுப் பெண், கோத்தகிரியில் பத்தாவது படிப்பவள், சென்னை என்ற பெயருக்காகவே உட்கார்ந்து பார்த்தாள். செப்டம்பரில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்ற ஆட்டத்தின் சுருக்கத்தை அவளே தேடி எடுத்து எனக்கு அனுப்பினாள். அன்றைக்கு ட்விக்கனம் மைதானத்தில் 81,885 பேர். பெண்கள் ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டமா என்று மூன்று முறை கேட்டாள்.

இனி வரப்போவது. 2026 ஜூலையில் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் என்ற புதுத் தொடர் தொடங்குகிறது. பன்னிரண்டு நாடுகள், ஜூலையில் தெற்கே, நவம்பரில் வடக்கே, கடைசியில் லண்டனில் இறுதி. யோசனை நன்றாக இருக்கிறது, நட்பு ஆட்டங்களுக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். ஆனால் பிஜி தன் சொந்த ஊர் ஆட்டங்களை பிரிட்டன் மைதானங்களில் ஆடப்போகிறது. காரணம் காசுதான். நம்மைப் போலவே கரும்புக்குக் கப்பலேறிய தமிழர் வம்சம் இருக்கும் தீவு அது. அங்கே சுவாவிலும் லவுடோகாவிலும் ரக்பி என்றால் மொத்த ஊரும் திரளும். அந்த ஊருக்குச் சொந்த அணியைக் கொடுக்காமல் லிவர்பூலில் ஆடவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2030 வரை இந்தப் பன்னிரண்டுக்குள் வேறு யாரும் ஏற முடியாது என்பதும் தவறு. சமோவா, ஜார்ஜியா எல்லாம் அதுவரை வாசலில் நிற்கவேண்டும்.

ஆர்360 என்று இன்னொரு திட்டம். நகரம் நகரமாகப் போய் ஆடும் லீக், ஐ.பி.எல். மாதிரி என்கிறார்கள். எட்டு நாட்டு ரக்பி சங்கங்கள், அதில் சேர்ந்தால் தேசிய அணியில் இடமில்லை என்று அறிவித்துவிட்டன. திட்டமும் 2028-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஆட்டக்காரருக்கு நல்ல சம்பளம் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம், அவர்கள் உடம்பு படும் பாட்டை நான் பார்க்கிறேன். ஆனால் ஊர் இல்லாத அணியை யார் யாருக்காகப் பார்ப்பது?

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு தொடருக்காக ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். மாதச் சந்தா இருந்தால் மட்டும், அதுவும் தொடர் தொடங்கி முதல் ஆட்டம் அந்தச் செயலியில் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு கட்டுங்கள். மலையில் இருப்பவர்கள் டிஷ்ஷைக் கழற்றிவிட வேண்டாம், ஃபைபர் அறுந்த நாளில் அது உதவும். உரிமை விற்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். வாங்கியவர் ஒரு நாட்டில் காட்டவில்லை என்றால், அந்த நாட்டில் அன்றைக்கே இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை.

2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில், அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை, இந்த முறை 24 அணிகள். சிட்னியில் இரவு எட்டு மணி ஆட்டம் நமக்கு மதியம் இரண்டரை. நான் முதல் நடை இலை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பாவுக்கு அப்போது எழுபத்திரண்டு முடிந்திருக்கும். யார் காட்டப்போகிறார்கள் என்று இப்போதே தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.