இரவுத் தள்ளுபடியா, மதியத் தள்ளுபடியா? ஓசூரிலிருந்து ஒரு கணக்கு

நேரத்துக்கு ஒரு கரண்ட் விலை என்றாலே எங்கள் ஓசூர் பக்கம் பலரும் சாயங்காலம் விலையை ஏற்றிவிட்டார்கள் என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஆனால் எந்த நேரத்தில் குறைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி, ஏனென்றால் சூரிய மின்சாரத்தை நாம் எடுத்துக்கொள்வோமா விட்டுவிடுவோமா என்பது அதில்தான் இருக்கிறது.

முதலில் நமக்குப் பழகிய முறை. 2022 செப்டம்பரில் வந்த கட்டண உத்தரவுப்படி உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்குக் காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் விடிகாலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. நடுப்பகலுக்கு ஒன்றும் கிடையாது. அனல் மின் நிலையத்தை ராத்திரியில் நினைத்தபடி குறைக்க முடியாமல், இருக்கிற கரண்ட்டுக்கு ஆள் தேடிய காலத்துக்கு இது சரி.

இன்னொன்று, 2023 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதித் திருத்தம். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குறிக்கும் 8 மணி நேர வெயில் பொழுதில் வழக்கமான விலையில் குறைந்தது 20 சதவீதம் குறைக்க வேண்டும், தேவை அதிகமாக இருக்கும் உச்ச நேரத்தில் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குறைந்தது 20 சதவீதம் கூட்ட வேண்டும். வீடுகளுக்கு அந்தக் கூடுதல் குறைந்தது 10 சதவீதம்.

கணக்குக்காக யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் மாலை 10 ரூபாய், மதியம் 8, இரவு 7.60. மாலை வேலையை மதியத்துக்கு மாற்றினால் 2 ரூபாய் மிச்சம், நள்ளிரவுக்கு மாற்றினால் 2.40, அப்புறம் யார் மதியத்துக்கு வருவார்கள்? புதிய விதியில் மாலை 9.60, மதியம் 6.40. மிச்சம் 3.20, அதுவும் வெயில் அடிக்கிற நேரத்திலேயே.

தளி, பாகலூர் பக்கம் பசுமைக்குடில் ரோஜா வைத்திருப்பவர்களின் குளிர் அறையைப் பாருங்கள். மொட்டுக்கு வலைத் தொப்பி மாட்டி, 20 பூ ஒரு கட்டாகக் கட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தி உள்ளே வைப்பார்கள், 2லிருந்து 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கம்ப்ரசர் மதியமே ஒரு தொட்டித் தண்ணீரை ஐஸாக்கி வைத்துவிட்டால் மாலை 6 மணிக்கு மேல் அந்தக் குளிர்ச்சியை வைத்தே பல மணி நேரம் ஓட்டலாம். தொட்டிக்குச் செலவு உண்டு, 2 ரூபாய் மிச்சத்துக்கு அதைப் போட யாரும் துணிய மாட்டார்கள், 3.20 என்றால் யோசிப்பார்கள். பேட்டரி வாங்குவதைவிட இது எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு இது பொருந்தாது. சீசனில் பழம் லாரியில் வந்து நிற்கும், நேரம் பார்த்து அரைக்க முடியாது. இன்னொரு விதிவிலக்கும் உண்டு: மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை ராத்திரியிலும் சுழல்வதால், அந்த மாதங்களுக்கு மட்டும் இரவுத் தள்ளுபடியையும் வைத்திருக்கலாம்.

வெளிநாட்டு முறைகளில் பிரான்சின் 'டெம்போ' என்ற மின்கட்டணத் திட்டம் எனக்குப் பிடித்தது. வருடத்தில் 22 சிவப்பு நாட்களுக்கு மட்டும் விலை எகிறும், 300 நீல நாட்களில் மலிவு, மீதி வெள்ளை. முந்தின நாளே சொல்லிவிடுகிறார்கள். பிரிட்டனில் அரை மணிக்கு ஒரு விலை மாறும் திட்டமும் இருக்கிறது, ஆனால் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது இங்கே வேண்டாம்.

வீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. வாஷிங் மெஷினும் தொட்டி மோட்டாரும்தான் மதியத்துக்கு நகரும், எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பதியும் மீட்டர் இல்லாமல் அதையும் அளக்க முடியாது.

நான் அதிகம் கவலைப்படுவது தருமபுரியின் விவசாய பம்புகளை நினைத்து. அவர்களுக்குக் கரண்ட் இலவசம், இலவசமாகவே இருக்கவும் வேண்டும், ஆகவே விலையை வைத்து நேரத்தை மாற்ற முடியாது. அங்கே வேலை செய்வது மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது என்பதுதான். அதைப் பகலில் தடையில்லாமல் கொடுத்தால் சூரிய மின்சாரம் நேராகக் கிணற்றுக்குப் போகும், தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் யாரும் நடக்க வேண்டியிருக்காது.