உதிரிபாக இருப்பு: சூத்திரமா, சிமுலேஷனா?

கரைக்கு எட்டாத கடலில் நிற்கும் காற்றாலைகளுக்கும், கோடையில் மட்டுமே கப்பல் போய்ச் சேரும் துருவ ஆய்வு நிலையங்களுக்கும் எத்தனை உதிரிபாகங்களை வாங்கி வைப்பது என்பதை முடிவு செய்ய மூன்று வழிகள் உண்டு. தயாரிப்பாளர் தரும் பரிந்துரைப் பட்டியல், இயந்திரம் எந்தச் சூழலில் ஓடப்போகிறது என்பதை அறியாதது. தொடக்கத்துக்கு மட்டுமே அது உதவும். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும், அதாவது நிகழ்தகவுச் சூத்திரத்துக்கும், நடக்கக்கூடியதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனுக்கும் இடையில்தான்.

சூத்திரத்தின் பலம் அதன் எளிமை. அடுத்த கப்பல் வருவதற்குள் சராசரியாக 2 பம்புகள் பழுதாகும் என்றால், தட்டுப்பாடு வராமலிருக்கும் வாய்ப்பு, பாய்சான் பரவலின்படி (சராசரியை வைத்து, எத்தனை பழுதுகள் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் கணக்கு), 3 பம்புகள் கையிருப்பில் இருந்தால் 86 விழுக்காடு. 4 இருந்தால் 95. 5 இருந்தால் 98. கால்குலேட்டர் இருந்தாலே போதும். பல தளங்களுக்கும் மையக் கிடங்குக்கும் இடையே இருப்பைப் பங்கிட கிரெய்க் ஷெர்புரூக் 1968-ல் வெளியிட்ட 'மெட்ரிக்' மாதிரியும் இந்த மரபில் வந்ததே. ஆனால் இந்த மரபு, ஒவ்வொரு பழுதும் மற்றதற்காகக் காத்திராமல் தன் போக்கில் சரியாகிவிடும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

தொலைதூரத்தில் இடறுவது அந்த அனுமானம்தான். அலை உயரம் ஏறத்தாழ 1.5 மீட்டரைத் தாண்டினால், சிறு படகிலிருந்து பணியாளர்கள் காற்றாலையில் ஏறுவது பொதுவாக நிறுத்தப்படும். ஒரு வாரம் கடல் கொந்தளித்தால் மூன்று ஆலைகளின் பழுதுகள் சேர்ந்துகொள்ளும். கடல் அடங்கும் நாளில் இருப்பதோ ஒரே படகு, ஒரே மெக்கானிக் குழு. பாகம் அலமாரியில் இருந்தும் ஆலை ஓடாது. பழுது, வானிலை, படகு, ஆள் ஆகியவற்றை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன், ஐந்தாவது பம்பை வாங்குவதைவிட, தேய்ந்த பாகங்களைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே மாற்றிவிடுவது மேலா என்ற கேள்விக்கும் விடை தரும். சூத்திரத்தால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட முடியாது.

ஆகவே ஃபில்டர், ஃபியூஸ் போன்றவற்றைச் சூத்திரத்திடமே விட்டுவிடலாம். பெரிய கிரேன் கப்பல் வந்தால்தான் மாற்ற முடிகிற கியர்பாக்ஸுக்கே சிமுலேஷனின் உழைப்பு தகும் என்பது என் கருத்து. பழுது விவரம் பிழையாக இருந்தால் இரண்டுமே பிழைதான். சிமுலேஷன் அதை அழகான வரைபடமாகக் காட்டும், அவ்வளவே.

சிமுலேஷனை எத்தனை முறை ஓட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தட்டுப்பாடு வராத வாய்ப்பு 95 விழுக்காடு என்று 400 ஓட்டங்களில் கிடைத்தால், அதன் திட்டப்பிழை (தற்செயலால் விடை முன்பின் ஆகக்கூடிய அளவு) ஏறத்தாழ 1.1 விழுக்காட்டுப் புள்ளி, அதைப் பாதியாக்க 1,600 ஓட்டங்கள் வேண்டும். இரு திட்டங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே பழுதுகளையும் அதே புயல்களையும் கொடுத்து ஓட்டினால், குறைந்த ஓட்டங்களிலேயே வேறுபாடு தெளிவாகத் தெரியும்.