நரம்பு வலி: மாத்திரையா, நத்தை விஷமா, ஆன்லைன் குப்பியா?

போர்வை உரசினாலே பாதம் எரியும். நடு ராத்திரியில் கரண்ட் அடித்தது போல் சுண்டும். சாதாரண வலி மாத்திரைக்கு இது மசியாது. அதனால்தான் ‘பெப்டைடு’ என்று யாராவது சொன்னால் ஆசை வருகிறது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி, அவ்வளவுதான். இன்சுலினும் அந்த வகைதான்.

வலிக்கென்றே அனுமதி பெற்ற பெப்டைடு ஸிகோனோடைட். கூம்பு நத்தை மீனை முடக்கப் பயன்படுத்தும் விஷத்தில் கண்டுபிடித்ததை ஆய்வகத்தில் செய்கிறார்கள். 25 அமினோ அமிலங்கள். தண்டுவடத்தில் வலிச் சேதி கைமாறும் இடத்திலுள்ள கால்சியம் வாயில்களை அடைத்துவிடும். மார்பின் மாதிரி மூச்சை அமுக்காது, அடிமையாக்காது. ஆனால் கையில் ஊசியாகப் போட முடியாது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்ப், அங்கிருந்து தண்டுவட நீருக்குள் மெல்லிய குழாய். நாளுக்கு 2.4 மைக்ரோகிராமில் தொடங்கி, மெதுவாக ஏற்றி, 19.2-க்கு மேல் போகக் கூடாது. அவசரப்பட்டு ஏற்றினால் தலைசுற்றல், குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது. குழாய் வழியே கிருமி போனால் மூளை உறைக் காய்ச்சல் வேறு. வேறெதற்கும் அடங்காத கடும் வலிக்குத்தான் இது.

நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபாலின் மாத்திரையும், ஸிகோனோடைடும் அமெரிக்காவில் ஒரே மாதத்தில், 2004 டிசம்பரில்தான் அனுமதி பெற்றன. மாத்திரையும் கால்சியம் வாயிலைத்தான் குறிவைக்கிறது, வேறொரு பகுதியில். தூக்கம், தலைசுற்றல், எடை கூடுதல், கால் வீக்கம் உண்டு. சிறுநீரகம் பார்த்து அளவு வைக்க வேண்டும். ஒரு வேடிக்கை: ஸிகோனோடைடைச் சட்டென்று நிறுத்தலாம், இந்த மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இருந்தாலும் நான் முதலில் நிற்பது இந்தப் பக்கம்தான்.

அப்புறம் ஆன்லைனில் குப்பியில் விற்கும் பெப்டைடு, பிபிசி-157. 15 அமினோ அமிலங்கள், எலிகளில் நிறையச் சோதனை, மனிதர்களில் சொற்பம். குப்பியிலேயே ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டியிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு விற்பவர் வாய்தான் சாட்சி. எனக்கு வேண்டாம்.

நரம்பு வலி தண்டுவட அழற்சியால் (மைலைட்டிஸ்) வந்தது என்றால் அது தனிக் கதை. மேலே சொன்ன எதுவும் அந்த அழற்சிக்கான சிகிச்சை இல்லை. திடீர் அழற்சிக்கு வழக்கமாக மூன்று முதல் ஐந்து நாள் நரம்பு வழியே அதிக அளவு ஸ்டீராய்டு. கேட்கவில்லை என்றால் பிளாஸ்மா மாற்று, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றுவது. கால் துவண்டு, இடுப்புக்குக் கீழே மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டால் மருந்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே அவசரப் பிரிவுக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.