வேலியோரப் பாத்திக்கு நிலச்சம்பங்கியா, மழை லில்லியா?

பினாங்கில் தரைவீட்டின் வேலியோரத்திற்குக் கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி தேடுவோருக்கு இவ்விரண்டும் எளிதில் கிடைக்கும். இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டமே எனினும், நம் மழையை அவை தாங்கும் விதம் வேறு.

நிலச்சம்பங்கிக்கு நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாத அடைமழையில் களிமண் பாத்தியில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும் என்பதால், பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, ஆற்றுமணலும் மட்கிய உரமும் கலந்து, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுவது நல்லது. பூத்தண்டு எழ மூன்று, நான்கு மாதங்கள் பிடிக்கும். ஒருமுறை பூத்த கிழங்கு மீண்டும் பூக்காது. பக்கக் கிழங்குகளே அடுத்துப் பூப்பதால், புதர் நெருங்கியதும் அவற்றைப் பிரித்து நட வேண்டும். மணத்துக்கு ஒற்றை இதழ் வகையே சிறந்தது. அடுக்கு இதழ் வகை கண்ணுக்குத்தான் (மாலை கட்டுவோர் இதை அறிவர்). பூசைக்குப் பறிப்பதாயின் இத்தனை பாடும் தகும்.

இல்லையேல் மழை லில்லியையே பரிந்துரைப்பேன். முழங்காலுக்கும் எட்டாத அச்செடி, சில நாள் காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் கூட்டமாகப் பூக்கும். பூ ஓரிரு நாளே நிற்கும். கிழங்கில் நச்சுப்பொருள் இருப்பதால், மண்ணைக் கிளறும் நாய் வளர்ப்போர் கவனமாக இருக்க வேண்டும்.