கேன்வாஸ் பேக் வாங்குறதுக்கு முன்னாடி அதை உள்பக்கமா திருப்பிப் பாருங்க

இப்ப என்கிட்ட புழக்கத்துல இருக்கிறது மூணு கேன்வாஸ் பை. ஒண்ணு கனமான சாதா காட்டன் டஃபிள், அதாவது நீளமான உருளைப் பை, ஒண்ணு மெழுகு ஏத்தின கேன்வாஸ் ரக்சாக், அதாவது முதுகுல மாட்டுற பை, இன்னொண்ணு பாலியஸ்டர் கலந்த துணில தைச்ச சின்ன டே பேக். மழை, வெயில், வண்டி கேரியர், மலைப்பாதைன்னு மூணுமே நல்லா அடி வாங்கிருக்கு. இதுக்கு முன்னாடி சீக்கிரமே போய்ச் சேந்த சில பைகளும் இருந்துச்சு. அதெல்லாம் வச்சு பாக்கும்போது எனக்குத் தோணுறது இதுதான், கேன்வாஸ் பைல துணி முதல்ல போறது இல்ல. போறதெல்லாம் பட்டை வந்து சேர்ற இடம், ஜிப்பு, அடி மூலை, உள்தையல். ஆனா கடையில போய் நாம பாக்கிறது கலரும் துணியோட கனமும் மட்டும்தான்.

துணியை முதல்ல முடிச்சிடுவோம். கேன்வாஸ் கனத்தை ஜிஎஸ்எம்ல இல்லன்னா அவுன்ஸ்ல சொல்வாங்க, ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம், அவுன்ஸ்னா ஒரு சதுர கஜம் துணி எத்தனை அவுன்ஸ்ங்கிறதுதான் கணக்கு. 12 அவுன்ஸ்னா கிட்டத்தட்ட 400 ஜிஎஸ்எம், 18 அவுன்ஸ்னா 610, 24 அவுன்ஸ்னா 800க்கு மேல. சில இடத்துல நம்பர் போட்டும் விப்பாங்க, 10ம் நம்பர் டக், 8ம் நம்பர் டக்னு (டக்னா நெருக்கமா நெய்த கனமான கேன்வாஸ்), இங்க நம்பர் ஏற ஏற துணி லேசாகும், 10ம் நம்பர்னா சுமார் 500 ஜிஎஸ்எம், 8ம் நம்பர்னா 610, 4ம் நம்பர் வந்தா 24 அவுன்ஸ். இது தெரியாம பெரிய நம்பர்தான் கனமா இருக்கும்னு எடுத்துட்டு வந்துடக் கூடாது. என் அனுபவத்துல தோள்ல மாட்டுற பைக்கு 400லருந்து 500, டஃபிளுக்கு 500லருந்து 610 போதும், அதுக்கு மேல போனா பையே சுமையாயிடும். எல்.எல்.பீன் கம்பெனி 1944ல கொண்டு வந்த அந்த ஃபேமஸான டோட் பை 24 அவுன்ஸ் துணி, ஆனா அதை முதல்ல செஞ்சதே ஐஸ் கட்டி தூக்குறதுக்கு. ஐஸுக்கு அது சரி, நாம கொண்டு போறது துணிமணிதானே? நிறைய விமானத்துல கேபினுக்குள்ள 7 கிலோதான் விடுறாங்க, அதுல காலி பையே 2 கிலோன்னா மிச்சம் 5 கிலோவுலதான் உங்க சாமான் எல்லாம்.

கனத்தை விட நெசவு முக்கியம்னு நான் சொல்வேன். துணியை வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிங்க, குட்டிக் குட்டி ஓட்டையா வெளிச்சம் தெரிஞ்சா நெருக்கமா நெய்யலன்னு அர்த்தம். பாவுக்கும் ஊடைக்கும் ரெண்டு இழை சேத்து முறுக்கின நூல் போட்ட துணி, ஒத்தை இழைல நெய்ததை விட ரொம்ப நாள் வரும். அப்புறம் துணியை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நல்லா கசக்கிப் பாருங்க, வெள்ளையா மாவு மாதிரி உதிர்ந்தா அது கஞ்சி, கடையில விறைப்பா நிக்கிற அந்தப் பை ஒரு தடவை நனைஞ்சதும் தொவண்டு போயிடும். டார்க் கலர்னா ஈரமான வெள்ளைத் துணியால ஒரு ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க, சாயம் ஒட்டுச்சுன்னா நாளைக்கு அது உங்க சட்டையில இருக்கும்.

இப்ப தையல். இதுக்குத்தான் நான் பையை உள்பக்கமா திருப்பச் சொல்றது. வெளியில எல்லாப் பையும் அழகாத்தான் இருக்கும், உள்ள பாத்தீங்கன்னா சில பைல துணியோட வெட்டின ஓரம் அப்படியே பிரிபிரியா தொங்கும், மேல ஓரம் பிரியாம இருக்க அடிக்கிற ஓவர்லாக் தையல் மட்டும் போட்டு விட்ருப்பாங்க. கேன்வாஸ் பருமனான நூல்ல நெய்தது, அதனால ஓரம் ஒரு தடவை பிரிய ஆரம்பிச்சா நூல் நூலா வெளிய வந்துட்டே இருக்கும், கடைசியில தையல் பிடிச்சு நிக்கிறதுக்குத் துணியே இருக்காது. ஓரத்தை ஒரு நாடா வச்சு மூடித் தைச்சிருக்கணும், இல்லன்னா ஜீன்ஸ் கால்ல இருக்குமே அந்த மாதிரி மடிச்சு ரெட்டைத் தையல் போட்ருக்கணும். இந்த ரெண்டும் இல்லாத பையை எவ்வளவு அழகா இருந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க.

நூல் எதுன்னும் கேளுங்க. வெளியில கொண்டு போற பைக்கு காட்டன் நூல் வேண்டாம், ஈரத்துல துணிக்கு முன்னாடி அதுதான் மக்கும். நைலான் நூல் உராய்வை நல்லா தாங்கும் ஆனா வெயில்ல பலம் குறையும், பாலியஸ்டர் நூல் வெயிலை அதை விட நல்லா தாங்கும். வெயில்லயே சுத்துறவங்களுக்கு என் ஓட்டு பாலியஸ்டருக்கு. தையல் ரொம்ப நெருக்கமா இருந்தா பலம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, கனமான துணில ஒரு இஞ்சுக்கு 6லருந்து 8 தையல் இருந்தா சரியா இருக்கும், அதை விட நெருக்கினா ஊசி ஓட்டையெல்லாம் ஒரே கோடா சேந்து அந்தக் கோட்டுலயே துணி கிழியும்.

பட்டை பையோட சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்க. பையோட மொத்த எடையும் ரெண்டு மூணு இஞ்சு இடத்துலதான் தொங்குது. அங்க சதுரம் போட்டு நடுவுல எக்ஸ் மாதிரி குறுக்குத் தையல் இருக்கணும், பின்னாடி இன்னொரு துண்டு துணியோ தோலோ வச்சு சேத்துத் தைச்சிருக்கணும். ஒரே அடுக்குத் துணில பட்டையை வச்சு தைச்சிருந்தா பட்டை அறாது, துணியோட பிச்சிட்டு வரும். ரிவிட், அதாவது அடிச்சு இறுக்குற உலோக ஆணி, இருந்தா நல்லது. ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873ல பேன்ட் பாக்கெட் மூலைக்கு ரிவிட் அடிச்சு பேடன்ட் வாங்குனாங்களே, இழுவை ஒரே புள்ளியில விழுற இடத்துக்கு அன்னைக்குச் சொன்ன வழி இன்னைக்கும் சரியாத்தான் இருக்கு. ஆனா தையலே இல்லாம வெறும் ரிவிட்டை மட்டும் நம்பித் தொங்குற பட்டை வேண்டாம். நல்ல பைல பட்டை அடி வழியா முழுசா சுத்தி வந்து மறுபக்கம் ஏறும், எடையை அடிப்பட்டை வாங்கிக்கும், துணி மேல இழுவை விழாது. என் டஃபிள் அந்த மாதிரிதான், அதுல எவ்வளவு திணிச்சாலும் தையல் அசையல.

வளையம், கொக்கி எல்லாம் கைல எடுத்துப் பாருங்க. ஒரு சின்ன காந்தம் கொண்டு போனா இன்னும் நல்லது, ஒட்டுச்சுன்னா அது முலாம் பூசின இரும்பு, கீறல் விழுந்ததும் துரு பிடிச்சு துணியில கறை விடும், அந்தக் கறை லேசுல போகாது. ஒட்டலன்னா பித்தளையாவும் இருக்கலாம், துத்தநாகக் கலவையாவும் இருக்கலாம், ரெண்டுமே காந்தத்துல ஒட்டாது. துத்தநாக வார்ப்பு பெரும்பாலும் வளையாது, பட்டுன்னு ஒடியும், தோள் பட்டைக் கொக்கிக்கு அது சரிப்படாது. பட்டை மாட்டுற டி வடிவ வளையத்துல (டி ரிங்) வாய் பிளந்த இடம் வெல்டு பண்ணிருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லன்னா கனம் ஏறும்போது மெதுவா விரிஞ்சு பட்டை நழுவிடும்.

ஜிப்பைப் பொறுத்தவரை நம்பரைப் பாருங்க, மூடின பல்லோட அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். பெரிய வாய்க்கு 8 இல்லன்னா 10, சின்ன பாக்கெட்டுக்கு 5 போதும். பித்தளை ஜிப்பு கேன்வாஸுக்குப் பொருத்தமா அழகா இருக்கும், ஆனா கடல் காத்துல உப்பு படிஞ்சு இறுகும், பல்லு ஒண்ணு போச்சுன்னா அவ்வளவுதான். சுருள் டைப் நைலான் ஜிப்பு பாக்க சாதாரணமா இருந்தாலும், பிளந்துட்டா ரன்னரைப் பின்னாடி கொண்டு போய் திரும்ப இழுத்தா பெரும்பாலும் சேந்துக்கும். பயணத்துக்கு நான் இதைத்தான் விரும்புவேன். ஜிப்பு கெட்டுப் போச்சுன்னு நாம சொல்றதுல பாதி ரன்னர் தேஞ்சதுதான், ரன்னரை மட்டும் மாத்தினா திரும்ப நல்லா ஓடும்.

எனக்கு கோவம் வர்ற ஒரு விஷயம் இருக்கு, உள்பக்கம் பூசுற பிளாஸ்டிக் கோட்டிங். வாட்டர்ப்ரூஃப்னு சொல்லி சில கேன்வாஸ் பைக்கு உள்ள பாலியூரிதேன் மாதிரி ஒரு பூச்சு பூசி விக்கிறாங்க. புதுசுல நல்லாத்தான் இருக்கும், ஆனா காத்துல இருக்கிற ஈரமே அந்தப் பூச்சை நாளாக நாளாகச் சிதைக்கும், பயன்படுத்தாம அலமாரில வச்சிருந்தாலும் சிதையும். அப்புறம் பிசுபிசுன்னு ஒட்டும், செதில் செதிலா உதிர்ந்து துணியெல்லாம் ஒட்டிக்கும். துணி இன்னும் பல வருஷம் வரும், ஆனா இந்தப் பூச்சால பையையே தூக்கிப் போடுற நிலைமை, எனக்கும் ஒரு பை இப்படிப் போச்சு. துணி மூச்சு விடணும்னுதானே கேன்வாஸ் வாங்குறோம், அதை உள்ள இருந்து அடைச்சா எப்படி?

மழைக்கு மெழுகு ஏத்தின கேன்வாஸ்தான் சரியான வழி. பாய்மரக் கப்பல் காலத்துல பாய்த்துணில ஆளி விதை எண்ணெய் தடவுனாங்க, அது நாளானா மஞ்சளாகி விறைச்சுப் போகும், அப்புறம்தான் அந்த இடத்துக்கு பாரஃபின் மெழுகும் தேன்மெழுகும் வந்துச்சு. என் ரக்சாக் தூறலையும் கொஞ்ச நேர மழையையும் நல்லா தாங்குது, தண்ணி முத்து முத்தா உருண்டு போறதைப் பாக்கவே சந்தோஷமா இருக்கும். ஆனா மணிக்கணக்கா அடிக்கிற மழைல தையல் ஓட்டை வழியா தண்ணி கண்டிப்பா உள்ள வரும், அதனால கேமரா, பேப்பர் எல்லாத்தையும் உள்ள தண்ணி புகாத ஒரு ட்ரை பேக்ல போட்டுடுங்க. சாதா கேன்வாஸ் நனையும், கனமாகும், காயவும் நேரம் எடுக்கும், ஆனா நனைஞ்சா காட்டன் நார் உப்பி நெசவு இடைவெளி சுருங்கும், நாரோட பலமும் கூடும். நைலான் நனைஞ்சா பலம் கொஞ்சம் குறையும்ங்கிறதையும் இங்க சொல்லிடுறேன்.

மெழுகு பைக்கு சில தொல்லை உண்டு. நல்ல வெயில்ல பிசுக்குன்னு இருக்கும், வெள்ளைச் சட்டை போட்டு தோள்ல மாட்டினா கறை பிடிக்கலாம், குளிர்ல விறைக்கும். வாஷிங் மெஷின்ல போடவே கூடாது, சுடுதண்ணியும் சோப்புத் தூளும் மெழுகைக் கரைச்சு எடுத்துடும், ட்ரை க்ளீனிங்கும் அப்படித்தான். பச்சைத் தண்ணி, ஒரு பிரஷ், அவ்வளவுதான். மடிப்புல வெளுத்துத் தெரிஞ்சா மெழுகுக் கட்டியைத் தேய்ச்சு ஹேர் ட்ரையர் காட்டுங்க, உருகி துணிக்குள்ள இறங்கிடும். நெருப்பு பக்கத்துல மட்டும் கவனம் வேணும். கேம்ப் ஃபயர் பொறி விழுந்தா நைலான் உடனே உருகி ஓட்டையாகும், சாதா காட்டன் சட்டுன்னு உருகாது, தட்டி விட்டா சின்னக் கருகலோட தப்பிச்சுக்கும், ஆனா மெழுகு ஏத்தின துணி பத்திக்கும், அதை எட்டவே வைங்க.

பாலி காட்டன், அதாவது பாலியஸ்டரும் காட்டனும் கலந்த துணி பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஸ்வீடன் கம்பெனி ஃபியால்ராவனோட ஜி-1000 துணி 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் காட்டன், அதுலயும் மெழுகு தேய்க்கலாம். லேசு, சீக்கிரம் காயும், பூஞ்சையும் கம்மி. தினமும் தூக்கிட்டு நடக்கிறதுக்கு என் மூணு பைல இந்த டைப்தான் சௌகரியம்.

பூஞ்சைன்னதும் ஞாபகம் வருது, காட்டன் பையோட பெரிய எதிரி இதுதான். பூஞ்சைக்கு செல்லுலோஸ்தான் சாப்பாடு, ஈரத்தோட மடிச்சு வச்சா கருப்புப் புள்ளி விழும், அந்த இடத்துல நாரே அரிச்சுப் போகும், துவைச்சாலும் அந்தப் பலம் திரும்பாது. ஊர் சுத்திட்டு வந்ததும் எல்லாப் பாக்கெட்டையும் திறந்து கவுத்து நிழல்ல தொங்க விடுங்க, நல்லா காஞ்ச பிறகு காத்துப் போற இடத்துல வைங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டாதீங்க. சாதா கேன்வாஸைத் துவைச்சா சுருங்கும், தோல் வச்சுத் தைச்ச பைன்னா தோல் ஒரு அளவுலயும் துணி ஒரு அளவுலயும் நின்னு கோணிக்கும், அதனால அழுக்கு பட்ட இடத்தை மட்டும் துடைச்சு எடுங்க.

ஒரே ஒரு பைதான் வாங்க முடியும்னா, 500 ஜிஎஸ்எம் பக்கம், அடில ரெட்டைத் துணி, சுத்தி வர்ற பட்டை, 10ம் நம்பர் சுருள் ஜிப்பு, உள்ள கோட்டிங் இல்லாத சாதா காட்டன் டஃபிளை எடுங்க. மெழுகை வேணும்னா பின்னாடி நீங்களே ஏத்திக்கலாம், ஏத்தினதை முழுசா எடுக்கிறதுதான் கஷ்டம். அடி மூலை தேஞ்சா ஓட்டை விழுற வரைக்கும் காத்திருக்காம உள்பக்கம் ஒரு துண்டு கேன்வாஸ் வச்சு பாலியஸ்டர் நூல்ல தைச்சிடுங்க, மெழுகு போட்ட பைக்குப் பசையோ டேப்போ நிக்காது, அதுக்கு ஊசிதான்.